எங்க பட்டாவுக்காக ஒரு பெட்டிசம்

"பெட்டிஷன் ஒன்னு எழுதப் போறோம்பா" என்று சொன்னதுமே அப்பாவின் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "யாரு மேலடா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்க பக்கத்தில் பெட்டிசம் என்றாலே அது ஒருத்தர் மேல் போடுவதுதான். துரை மேல், கங்காணி மேல், தலைவர் மேல், சில நேரம் பக்கத்து லயத்துக்காரர் மேல். பெயர் இருக்காது, கையெழுத்து இருக்காது. எழுதியது யார் என்று ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு சட்டத்தை மாத்தச் சொல்லி, பெயரும் முகவரியும் போட்டு, நேராக எழுதிக் கொடுக்கிற காகிதத்துக்கும் அதே பெயர்தான் என்பது அப்பாவுக்குப் புதுசு.

"யார் மேலயும் இல்லப்பா. நம்ம பட்டாவுக்காக."

பட்டா என்பது டாட்டாவின் சின்ன லொறி. டிமோ கம்பனி கொண்டு வந்ததால் நாடு முழுக்க டிமோ பட்டா. கரவனெல்ல சந்தியில் அரை மணி நேரம் நின்றால் எத்தனை போகிறது என்று எண்ணிக் களைத்துப் போவீங்க. ஒரு பக்கம் அவிசாவளை, மறு பக்கம் யட்டியாந்தோட்டை, கித்துல்கல, அப்படியே ஹட்டன். இன்னொரு ரோட்டு புலத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்கு. யட்டியாந்தோட்டைக்கு ஒரு காலத்தில் ரயில் கூட ஓடியது, 1942இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். இப்போது பெரிய ரோட்டில் பஸ் இருக்கு. பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் என்ன இருக்கு? த்ரீவீல், ட்ராக்டர், பட்டா.

அப்பா பட்டா வாங்கியது ஹயர் ஓட இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய கார் விலை எங்கேயோ போய்விட்டது. கையில் இருந்த காசுக்கும் லீசிங்குக்கும் கிடைத்தது இதுதான். அம்மாவை ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் கொண்டு போவது, தங்கச்சியை டியூஷனில் விடுவது, வீட்டு வேலைக்குச் சீமெந்து நாலு மூடை ஏத்துவது, செத்த வீட்டுக்குக் கதிரை கொண்டு போவது. வேறு ஒருத்தரிடம் சதம் வாங்கி ஓடியதில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்த இரவு போனதைக் கணக்கில் எடுக்கலாம் என்றால், அன்றைக்கு அவங்க அம்மா கொடுத்த பலாப்பழம்தான் எங்க ஹயர் காசு.

ஆனால் புத்தகத்தில் அது மோட்டார் லொறி. ஒவ்வொரு வருசமும் வருமான அனுமதிப்பத்திரம், அதாவது நாங்க லைசன் என்று சொல்வது, எடுக்கப் போகும்போது புகைப் பரிசோதனையும் இன்சூரன்சும் போதாது. லொறி என்பதால் தகுதிச் சான்றிதழும் வேணும். கார் வைத்திருப்பவருக்கு அந்த வேலை இல்லை. அப்பாவுக்கு அது ஒரு நாள் சம்பளம் போகிற வேலை. டயர், லைட், பிரேக், பெயின்ட் என்று கராஜில் ஒரு தொகை, பிறகு வரிசை. போன வருசம் நானும் கூடப் போனேன். "இது வீட்டுப் பாவனைக்கு மட்டும்தான்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டு, "மேக்க லொறியக் நே மல்லி" என்றார். இது லொறிதானே தம்பி.

அவர் சொன்னது சட்டப்படி சரி. பிரச்சினையே அங்கேதான் இருக்கு.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வாகனத்தின் உடம்பைப் பார்க்கிறது. முழுவதுமாகவோ பெரும்பாலுமோ பொருள் ஏத்தக் கட்டப்பட்டதா, அப்படியென்றால் லொறி. ஆளும் பொருளும் போகக் கட்டியதா, அது இரட்டைப் பாவனை வாகனம், டூவல் பர்பஸ். வகை, எரிபொருள், நிறை ஆகியவற்றை வைத்துக் கட்டணம். அந்த வாகனத்தை வைத்து நீங்க உழைக்கிறீங்களா, சும்மா வீட்டுக்கு வைத்திருக்கிறீங்களா என்ற கேள்வியே அதில் இல்லை. அதனால்தான் பின் சீட் வைத்த டபுள் கெப் P எழுத்தோடு டூவல் பர்பஸாகப் போகுது. பின் சீட் இல்லாத எங்க பட்டா L எழுத்தோடு லொறியாகப் போகுது. தோட்டத்தில் டபுள் கெப் யாரிடம் இருக்கு, பட்டா யாரிடம் இருக்கு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது இலங்கையில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிக்கப் வாங்கினால், நீங்க வேலைக்குப் போய் வர மட்டும் ஓட்டினாலும் அது கொமர்ஷல் வாகனம்தான். வருசா வருசம் பதிவுக் கட்டணத்தோடு நிறைக் கட்டணம் என்று தனியாக ஒன்றும் கட்ட வேணும். பின்னால் படுத்துறங்குகிற கூடு ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினால் மட்டும் தனியார் வாகனமாக மாத்தலாம். சீட், கூடு, தட்டு என்றுதான் அங்கேயும் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை.

அந்த நாட்டில் இன்னொரு கதை இருக்கு, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வெளியிலிருந்து வருகிற சின்ன லொறிகளுக்கு 1964இலிருந்து 25 சதவீதத் தீர்வை. கோழி இறைச்சிச் சண்டையில் வந்த வரி என்பதால் பெயரே 'கோழி வரி'. ஃபோர்ட் கம்பனி துருக்கியிலிருந்து தன் ட்ரான்சிட் கனெக்ட் வேன்களை இறக்கும்போது பின் சீட்டோடு இறக்கி, பயணிகள் வாகனம் என்று குறைந்த வரி கட்டி, பிறகு அந்தச் சீட்டைக் கழட்டிச் சாமான் வேனாக வித்தது. கடைசியில் 2024இல் 365 மில்லியன் டொலர் கட்டி வழக்கை முடித்தார்கள். பெரிய கம்பனிக்கு ஒரு சீட் என்பது வரி தப்பும் வழி. அப்பாவிடம் அந்தச் சீட்டே இல்லை.

பாவனையைப் பார்த்து வகை பிரிக்க முடியாதா என்றால், முடியும். இந்தியாவில் போர்ட் நிறமே சொல்லிவிடும். சொந்தப் பாவனைக்கு வெள்ளை, வாடகைக்கு மஞ்சள். இசுசு வி-க்ராஸ் போன்ற பிக்கப் அங்கே தனியார் வாகனமாகப் பதிவாகி வெள்ளை போர்டில் ஓடுது. (நம்ம நாட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். ரெண்டு நிறமும் எல்லாருக்கும் உண்டு, அர்த்தம் மட்டும் இல்லை.) அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். இங்கேயே இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி, "பிரைவேட்டா, ஹயரிங்கா?" அதைப் பொறுத்துத்தான் கட்டணம். பொய் சொன்னால் விபத்து நடந்தபின் காசு வராது என்பதால் ஜனங்க உண்மையைச் சொல்றாங்க. ஒரு கம்பனி ஒரே கேள்வியில் பிரிப்பதை ஒரு திணைக்களம் ஏன் பிரிக்கக் கூடாது?

இதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரு நண்பன், தகுதிச் சான்றிதழே வேண்டாம் என்று எழுதச் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்க ரோட்டுகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஏத்தம், இறக்கம், வளைவு, மழைக்காலத்தில் சறுக்கும் மண். பிரேக் இல்லாத வாகனம் வீட்டுப் பாவனைக்கு என்பதால் நின்றுவிடாது. பின் தட்டில் ஆளை ஏத்திப் போவதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். நாங்களும் செய்திருக்கிறோம், பொலிஸிடம் தண்டமும் கட்டியிருக்கிறோம், அது சரியான தண்டம்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கொமர்ஷல் என்ற அதே பெயர்தான் எங்களுக்கு வாகனத்தை வாங்கியும் கொடுத்தது. மத்திய வங்கி கொமர்ஷல் வாகனத்துக்குக் கூடுதலாகக் கடன் கொடுக்க விடுகிறது. 2025 ஜூலையில் வைத்த உச்ச அளவு, கொமர்ஷலுக்குப் பெறுமதியில் 80 சதவீதமாகவும், காருக்கு 60 சதவீதமாகவும் இருந்தது. வாங்கும்போது லொறி, லைசன் எடுக்கும்போது கார் என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். அதனால் நாங்க கேட்பது சின்ன விசயம். குறைந்த நிறையுள்ள லொறியைச் சொந்தப் பாவனைக்கு என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்தால், அதற்குத் தனியான ஒரு உபவகையும் கட்டணமும் வேணும். தகுதிப் பரிசோதனை வருசா வருசம் இல்லாமல் இடைவெளி விட்டு நடக்கட்டும், அதையும் எங்களுக்குக் கிட்டவாக நடத்தட்டும். எழுதிக் கொடுத்துவிட்டு ஹயர் ஓடினால் தண்டம் போடுங்க, கூடவே போடுங்க.

சரி, யாரிடம் கொடுப்பது? இங்கேதான் எனக்குத் தலை சுத்தியது. பதிவும் தகுதிச் சான்றிதழும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், அது கொழும்பு. லைசன் கட்டணம் 13ஆம் திருத்தத்தின் கீழ் மாகாணத்தின் பொறுப்பு. ஆகவே ரெண்டு கடித உறை வேணும். இரண்டாவது உறையில் விலாசம் எழுதும்போது பேனை நின்றுவிட்டது. சபரகமுவ மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பரில். 2017 செப்டம்பரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. நாங்க கட்டுகிற கட்டணத்தைப் பற்றிப் பேச நாங்க தெரிவு செய்த ஒரு ஆள் கூட இரத்தினபுரியில் உட்காரவில்லை. என் வயதில் உள்ள பலர் மாகாண சபைக்கு ஒரு தடவை கூட வாக்குப் போட்டதில்லை. ஆளுநருக்கும் பிரதம செயலாளருக்கும் எழுதலாம், எழுதுவோம். ஆனால் அவங்களுக்கு எங்க வாக்கு தேவையில்லை என்பது எங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழு என்று ஒன்று இருக்கு. அதற்கு நேராக அனுப்ப முடியாது, ஒரு எம்.பி. மூலமாகத்தான் போக வேணும். கேகாலை மாவட்டத்துக்கு ஒன்பது எம்.பி.க்கள். ஒன்பது பேரில் ஒருத்தராவது கையில் வாங்க வேணும்.

அதற்கு முன்னால் செய்ய ஒரு வேலை இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுவது. கேகாலை மாவட்டத்தில் சின்ன லொறி எத்தனை பதிவாகியிருக்கு, அவற்றிலிருந்து மாகாணத்துக்கு வருசம் எவ்வளவு வருது என்று கேட்போம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேணும். எண் இல்லாத மனு அழுகை மாதிரி, கேட்டுவிட்டுத் தோளைத் தட்டி அனுப்பிவிடுவார்கள். தமிழில் எழுதினால் எடுப்பார்களா என்று சிலர் பயப்படுறாங்க. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கிற இடத்திலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் வாங்கலாம் என்று அரசியலமைப்பின் மொழி அத்தியாயமே சொல்லுது. நடைமுறையில் பதில் எந்த மொழியில் வரும் என்பது வேறு கதை. எதற்கும் சிங்களத்தில் ஒரு பிரதியை இணைக்கிறோம். உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, வேலை நடக்க வேணுமே என்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வரைவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "இதுல பேரு கட்டாயம் போடணுமா?" என்று கேட்டார். போட வேணும் என்றேன். கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்ற பட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனையை வாங்கி, முழுப்பெயர், லய இலக்கம், டிவிஷன், தோட்டம் எல்லாம் எழுதி, கேட்காமலேயே வாகன நம்பரையும் எழுதினார்.

"லைசன் இந்த மாசம் முடியுதுடா. அதுக்குள்ள பதில் வருமா?"

வராதுப்பா என்றேன். டயர் ரெண்டு மாத்த வேணும், செவ்வாய்க்கிழமை கராஜுக்குப் போகிறோம்.