அச்சானதை எண்ணிப் பார்த்த பின்னரே அழிக்க வேண்டும்

கணினி வைத்துள்ள சங்கங்களில் கூலிச் சீட்டுகளையும், நூல் வழங்கும் சீட்டுகளையும், விளைபொருள் ரசீதுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அச்சிடுவது வீண் சிரமம். ஆகவே, ஒரு கோப்புறையில் சேரும் கோப்புகளை இரவில் தானே அச்சிடும்படி, ஷெல் ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைத் தொடரை எழுதி வைப்பதுண்டு. லினக்ஸ் கணினியில் இது பத்து வரிகளில் அடங்கிவிடும். பத்து வரிதானே என்ற அலட்சியத்தினால்தான் இடர் நேருகிறது.

பெரும்பாலோர் கையாளும் முறை யாதெனில், எல்பி என்னும் கட்டளையால் கோப்பை அனுப்புவதும், அது பிழையின்றி முடிந்தவுடன் கோப்பை அழித்துவிடுவதுமாகும். இம்முறை தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். 1999-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றளவும் வழங்கிவரும் கப்ஸ் என்னும் அச்சு ஏற்பாட்டில், எல்பி பூச்சியம் என்ற வெற்றிக் குறியைத் தருமாயின், கோப்பு வரிசையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதே பொருள். காகிதத்தில் எழுத்து விழுந்தது என்பதன்று. தபால் பெட்டியில் போட்ட கடிதத்தை, உரியவர் கையில் சேர்ந்ததாகப் பதிவேட்டில் எழுத நம் குமாஸ்தா ஒப்புவாரா? காகிதம் தீர்ந்திருக்கலாம்; யாரேனும் அப்பணியை ரத்துச் செய்திருக்கலாம். மூலக்கோப்பும் போய்விட்டால் நெசவாளி எதைக் காட்டிக் கூலி கேட்பார்?

எல்பிஸ்டாட் என்னும் கட்டளை முடிந்த பணிகளைக் காட்டுமே என்பர் சிலர். காட்டும், ஆனால் ரத்தான பணிகளும் அப்பட்டியலிலேயே கலந்து வரும்.

ஆகையால் ஸ்கிரிப்ட் எதையும் அழித்தல் கூடாது. எல்பி தரும் பணி எண்ணைக் கோப்பின் பெயரோடு பட்டியலில் எழுதி, கோப்பை வேறொரு கோப்புறைக்கு மாற்றிவிட்டால் போதும். காலையில் குமாஸ்தா தாள்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்த பின்னர் அழிக்கலாம்.

நிற்க. அச்சாகாமற் போவதைக் காட்டிலும் இரு முறை அச்சாவது சில வேளைகளில் பெரிய கேடு. ஒரே நூற்சீட்டு இரண்டு வந்தால் நூலும் இரு முறை வெளியேறும். முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் கட்டளையால் பூட்ட வேண்டும். ஐயம் நேர்ந்தால் ஸ்கிரிப்ட் தானாக மறுபடி அனுப்பாமல் நின்றுவிட வேண்டும். எழுதி முடியாத கோப்பு அரைகுறையாக அச்சாகாதிருக்க, வேறு பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுவது நன்று. பெயரில் இடைவெளி உள்ள கோப்பு இரண்டு கோப்பாகக் கருதப்படாதிருக்க, மாறியை இரட்டை மேற்கோளுக்குள் இடுவது அவசியம்.

காலையில் தாள்களை எண்ணக் கால்மணி நேரம் பிடிக்கும் என்று காரியதரிசிகள் ஆட்சேபிக்கக்கூடும். சோதனைக்கு வரும்பொழுது நான் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.