சொந்தமே போதும் என்பவர்களுக்கு

"வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், மேலே ஏழுமலையான் இருக்கிறான், முகம் தெரியாத ஒருவரிடம் காசு கொடுத்து ஏன் அழ வேண்டும்?" சித்தூரிலும் திருப்பதியிலும் நம் தமிழ் வீடுகளில் உளசிகிச்சைக்கு எதிராக ஒலிக்கும் இந்த வாதம் பலரைத் தனிமையில் தள்ளுகிறது.

சொந்தமும் பக்தியும் தாங்கிப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் மனத்தை வதைப்பதே சொந்தம் என்றால், அதை அவர்களிடமே எப்படிச் சொல்வது? அங்கே சொன்னது அடுத்த கல்யாண வீட்டுக்குப் போய்விடும். சிகிச்சையில் சொன்னதை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை குடும்பத்தைப் பிரிக்கும் என்பதும் தவறு. பக்கத்து வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையம் உறவினரையும் நோயாளியுடன் தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்கே பேர்பெற்றது.

"ஒருமுறை போனேன், பயனில்லை" என்பது வாதமே அல்ல. உளசிகிச்சை ஒரு நாள் அறிவுரை அல்ல. இருவர் வாரக்கணக்கில் சேர்ந்து செய்யும் வேலை. தொடக்கத்தில் வலி கூடவும் செய்யலாம். ஆகவே முன்கூட்டியே கேளுங்கள்: மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா? கட்டணம் எவ்வளவு? தமிழில் பேசலாமா? ஒத்துவராவிட்டால் ஆளை மாற்றுங்கள், சிகிச்சையைக் கைவிடாதீர்கள். காசில்லை என்றால் டெலி-மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம்.

மலையேறுங்கள், சிகிச்சைக்கும் போங்கள். இரண்டில் ஒன்றுதான் என்று எந்தத் தெய்வமும் கேட்கவில்லை.