அடக்குவதா, பழக்குவதா?

எங்கள் தெருக்கோடி வீட்டிற்குச் சென்ற ஆண்டு ஒரு ஹஸ்கிக் குட்டி வந்து சேர்ந்தது. நீலக் கண்களும் பஞ்சுப்பொதி போன்ற உடலுமாய் வந்த அதனைக் காணத் தெருவே திரண்டது. அது தெருவைக் கண்டதும் அன்று ஒருநாள்தான். தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை வெளியே விடலாகாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காகக் கொண்டு, ஆறாம் மாதம்வரை அதனைப் பின்கட்டில் அடைத்து வைத்தனர். பின்னர் வெளியே கொணர்ந்தபோது ஆட்டோவின் ஒலி கேட்டு நடுங்கியது. குடை விரித்த முதியவரைக் கண்டு உறுமியது. எதிரே ஓடிவந்த சிறுவனைப் பல் பதியக் கடித்தது. உடனே பயிற்சியாளர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். "நீங்கள் இடம் கொடுத்துவிட்டீர்கள். யார் தலைவன் என்று அதற்குக் காட்ட வேண்டும்" என்று கூறி, அதனை மல்லாக்கத் தள்ளித் தொண்டையைப் பிடித்து அழுத்தினார். இரு மாதங்களுக்குப் பின் அந்நாய் ஊருக்கு வெளியே ஒரு தோப்பின் காவலுக்குக் கொடுக்கப்பட்டது. "ஹஸ்கி பொல்லாத இனம்" என்பது தெருவின் தீர்ப்பு.

அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது நாயன்று.

நம் மொழியில் அடங்கு, அடக்கு என்று ஓர் இணை உண்டு. பழகு, பழக்கு என்று மற்றோர் இணையும் உண்டு. நாயை மனிதரோடும் உலகோடும் பழகவிடுவதற்கு ஆங்கிலேயர் ஒரு சொல்லையும், கட்டளைக்குப் பயிற்றுவதற்கு வேறொரு சொல்லையும் வைத்திருக்கின்றனர். நமக்கோ ஒரு சொல்லே இரண்டிற்கும் போதும். பழகச் செய்வதே பழக்குதல். பழகாத உயிரைப் பழக்க இயலாது என்பது நம் இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆயினும் நாய் வளர்ப்போர் பலர் "பழக்குகிறேன்" என்று சொல்லிக்கொண்டு செய்வது அடக்குதலையே.

இது வெறும் சொல் விளையாட்டன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தார், வேலியிட்ட வெளிகளில் நாய்க்குட்டிகளை மனிதத் தொடர்பின்றி வளர்த்துப் பார்த்து, 1961-இல் முடிவை வெளியிட்டனர். இடையில் ஒரு வாரமேனும் மனிதரோடு பழக வாய்ப்புப் பெற்ற குட்டிகள் பெரும்பாலும் தேறின. பதினான்கு வாரம்வரை மனிதரையே அணுகாதிருந்தவை காட்டு விலங்குகள் போல அஞ்சி ஓடின. அதே கூடத்தைச் சேர்ந்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட பெருநூலில், மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம்வரை உள்ள காலமே நாய் உலகைத் தன் உலகாக ஏற்கும் காலம் என்றனர். அவர்கள் ஆய்ந்த ஐந்து இனங்களில் ஹஸ்கி இல்லை என்பது உண்மையே. எனினும் இனத்திற்கு இனம் நாட்கணக்கு சற்று மாறலாமே அன்றி, கதவு மூடாமல் இராது. எட்டாம் வாரத்தில் குட்டி நம் வீட்டிற்கு வருமாயின், நம் கையில் எஞ்சியிருப்பவை நான்கைந்து வாரங்களே. அவ்வாரங்களையன்றோ பின்கட்டு விழுங்கிவிடுகிறது!

"நோய் வந்தால் என் செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பார்வோ நோய் குட்டிகளைக் கொத்தாகக் கொல்லக்கூடியது. ஆனால் விலங்கு நடத்தையை ஆராயும் அமெரிக்க விலங்கு மருத்துவர்களின் சங்கம், முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழிந்ததுமே, தூய்மையான இடத்தில் குட்டிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்று 2008-இல் அறிவித்தது. மூன்று வயதிற்குட்பட்ட நாய்களைப் பொறுத்தவரை, தொற்று நோயைவிட நடத்தைக் கோளாறே பெரிய எமன் என்பது அவர்கள் வாதம். தெருநாய்கள் மலிந்த நம் ஊரில் குட்டியைத் தரையில் விட வேண்டாம், தூக்கிக்கொண்டு போகலாமே! கையில் ஏந்திக் கோவில் வாசலில் அரைமணி நேரம் நிற்கலாம். மணியோசையும், பூசை முடிந்து வரும் கூட்டமும், கைத்தடி ஊன்றிய பாட்டியும், தலைக்கவசம் அணிந்த இளைஞரும் அதற்குப் பாடங்கள். வீட்டிலே குக்கரின் சீழ்க்கை, மாவரைக்கும் இயந்திரம், நனைந்த மழைச்சட்டை. திருவிழா வேட்டைத் தொலைவிலிருந்து கேட்கட்டும். ஒவ்வொரு புதுமைக்கும் ஒரு துண்டு இறைச்சி கிடைக்கட்டும். அஞ்சினால் விலகி நிற்க வேண்டும். அருகே இழுத்துச் செல்லலாகாது. செலவு என்று பார்த்தால் நேரம் ஒன்றுதான்.

இனி "தலைவன்" கொள்கைக்கு வருவோம். 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்பார், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களின் சண்டையைக் கண்டு எழுதியதிலிருந்து இது முளைத்தது. டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. பின்னர் அதே மெக், வடதுருவப் பகுதியின் எல்ஸ்மியர் தீவில் ஓநாய்க் குடும்பத்தைக் கோடைதோறும் கண்டறிந்து, 1999-இல் தம் கருத்தைத் திருத்தினார். கூட்டம் என்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும்தான். அங்கே அரியணைப் போட்டி இல்லை. 2022-இல் அப்பழைய நூலின் அச்சும் நின்றுவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் கீழைத் திருச்சபை மரபில் வாழும் நியூ ஸ்கீட் துறவிகள், அல்சேஷன் நாய்களை வளர்ப்பதில் பேர்பெற்றவர்கள். நாயை மல்லாக்கத் தள்ளும் முறையை 1978-இல் தம் நூலில் பரிந்துரைத்தவர்கள், 2002-ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் அதனைக் கைவிடுமாறு எழுதினர். அறிஞரும் துறவியரும் வெளிப்படையாக மாற்றிக்கொண்ட கருத்தை, எங்கள் தெருவிற்கு வந்த பயிற்சியாளர் மட்டும் இன்னும் கட்டிக்காக்கிறார்.

ஹஸ்கியின் "பிடிவாதம்" பற்றி ஒரு சொல். இது சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம். வண்டியோட்டி கட்டளையிட்டாலும், மெல்லிய பனிக்கட்டியின் மேல் கால் வைக்க மறுக்கும் தலைநாயே அவரது உயிரைக் காக்கும். நாம் பிடிவாதம் என்பதை அவர்கள் புத்தி என்றனர்.

அலாஸ்காவின் நோம் நகரில் 1913-இல் பிறந்த டோகோ என்ற குட்டியை எண்ணிப் பாருங்கள். நோஞ்சான், அடங்காதது, ஓயாது குறும்பு செய்வது. வண்டியோட்டியான லெனார்ட் செப்பாலா அதனை வேண்டாமென்று ஒரு வீட்டிற்குக் கொடுத்துவிட்டார். அது சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்து, பல மைல் ஓடி அவரிடமே திரும்பியது. கட்டி வைத்தால் அறுத்துக்கொண்டு வண்டியைத் தொடர்ந்தது. எட்டு மாதக் குட்டியை வேறு வழியின்றிச் சேணத்தில் பூட்டினார் செப்பாலா. அன்றே 75 மைல் ஓடிற்று. (எலும்பு முற்றாத வயதில் இத்தகைய ஓட்டம் கூடாது என்பதே இன்றைய மருத்துவம், இதனை யாரும் பின்பற்ற வேண்டாம்.) 1925-இல் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்தை 674 மைல் கடத்திய இருபது வண்டியோட்டிகளுள் மிக நீண்ட, மிகக் கொடிய பகுதியைக் கடந்தவர் செப்பாலா. அவ்வண்டியின் முன்னே ஓடியது பன்னிரண்டு வயது டோகோ. செப்பாலா அதன் குணத்தை ஒடிக்கவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தார்.

எட்டாம் மாதம் பற்றி வளர்ப்போர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம். அதுவரை கற்ற அனைத்தையும் குட்டி மறந்துவிட்டது போலத் தோன்றும். இங்கிலாந்தில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்படும் குட்டிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, எட்டு மாத நாய் அந்நியர் சொல்லைக் கேட்கும் அளவிற்குக்கூடத் தன்னை வளர்ப்பவர் சொல்லைக் கேட்பதில்லை. பருவ வயதுப் பிள்ளைகளின் பெற்றோர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. அந்நேரத்தில்தான் பிரம்பு வெளியே வருகிறது. கெடுவதும் அந்நேரத்தில்தான்.

இவ்வளவும் சொன்னதால் ஹஸ்கி வாங்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இரட்டை அடுக்கு மயிர் போர்த்த அவ்வுயிரை மே மாதத்து மாடி வீட்டில் வைப்பதே முதற் கொடுமை. ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஓநாய்களைக் கண்டு மயங்கி மேலைநாடுகளில் மக்கள் ஹஸ்கிகளை வாங்கி, பின்பு கைவிட்டனர். வாங்காதீர்கள் என்று அத்தொடரின் நடிகரான பீட்டர் டிங்கிலேஜே 2017-இல் வேண்டிக்கொள்ள நேர்ந்தது. வாங்கிவிட்டவர்களுக்காகவே இவ்வளவும். அவிழ்த்துவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு வரும் என்று நம்பாதீர்கள். ஓடுவது அதன் பிறவிக் குணம். வெயில் ஏறுமுன் நடத்திச் செல்லுங்கள்.

தெருக்கோடி வீட்டார் மீண்டும் ஒரு குட்டி வாங்க எண்ணுகின்றனர். இம்முறை "சாதுவான" இனமாகத் தேடுகின்றனராம். காலை ஐந்தரை மணிக்கு அதனுடன் நடக்கப்போகிறவர் யார் என்று கேட்டேன். இளைய மகள் கையை உயர்த்தினாள். "உனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு இருக்கிறதே" என்றார் தாய்.