கூடை பின்னுறது வெட்டி வேலையா?

சுகர் பார்க்க வரும் 45, 50 வயது அம்மாக்களிடம் டாக்டர்கள் நாங்கள் கேட்கும் கேள்விகள் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா? நடக்கிறீங்களா? சோத்தைக் குறைச்சீங்களா?

நான் கொஞ்ச காலமாக இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். "உங்களுக்குன்னு என்னம்மா பண்றீங்க?"

நிறைய பேருக்குக் கேள்வியே புரிவதில்லை. "எனக்குன்னா? அவருக்குச் சமைக்கணும், பேரனை ஸ்கூல்ல விடணும்..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். சிலர் மட்டும் கூட வந்த மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ தப்பு பண்ணின மாதிரி மெதுவாகச் சொல்வார்கள்: "வயர் கூடை போடுவேனுங்க. சும்மா, பொழுது போகாதப்ப."

இந்தப் பதிவு அந்த 'சும்மா'வைப் பற்றித்தான்.

எங்க ஊர் கீரனூர். புதுக்கோட்டை கீரனூர் இல்லீங்க, பழனிப் பக்கத்துக் கீரனூர். எங்க வெயிலுக்கு ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போடுறது? அதனால் இந்தப் பக்கம் பின்னல் என்றால் முதலில் வயர் கூடைதான். சாதா முடிச்சில் ஆரம்பித்து நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண் என்று போய்க்கொண்டே இருக்கும். அடுத்தது குரோஷா. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு போதும். டி.வி.க்கு உறை, வாசலுக்குத் தோரணம், கொடைக்கானல் போகும் பேத்திக்கு ஒரு குல்லா. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் படித்து மறந்துபோனவர்கள் இப்போது யூடியூபைப் பார்த்துத் திரும்பப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்படி 'சும்மா' பின்னுகிறவர்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று சென்னையில் காட்டியிருக்கிறார்கள். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவில் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டரில் ஒரே போர்வையாக விரித்தார்கள். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர்! எங்க ஊரில் அவ்வளவு இடத்தில் ஒரு குடும்பம் வெள்ளாமை பண்ணிப் பிழைக்கும். கின்னஸ் சாதனையாகப் பதிவானது. 'வெட்டியா உக்காந்து பின்னிட்டிருக்கா' என்று வீட்டில் பேச்சு வாங்கியவர்கள் எத்தனை பேர் அதில் இருந்தார்களோ.

சரி, மருத்துவத்துக்கு வருவோம்.

2013-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி இதழில் பின்னல் வேலை செய்பவர்கள் 3,545 பேரிடம் எடுத்த ஒரு ஆய்வு வந்தது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மனசு அமைதியாக, சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். இதைப் பார்த்துவிட்டு 'பின்னினால் மனச்சோர்வு குணமாகும்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீங்க. ஏற்கெனவே பின்னலைப் பிடித்துச் செய்கிறவர்களிடம் கேட்டது அது. காரணம் எது, விளைவு எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசியைக் கையில் எடுக்காதீங்க.

ஆனால் ஒன்றை நான் கண்ணால் பார்க்கிறேன். முடிச்சு எண்ணுகிற நேரத்தில் கையில் செல்போன் இருக்க முடியாது. இரண்டு கையும், கண்ணும், கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும். மத்தியானம் முழுக்க சீரியலையும் ரீல்ஸையும் பார்த்துக்கொண்டே முறுக்கு டப்பாவைக் காலி பண்ணுவதற்கு இது எவ்வளவோ மேல். பின்னுகிற கை முறுக்குப் பக்கம் போகாது!

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பின்னல் உட்கார்ந்து செய்யும் வேலை. 'இந்த ஒரு வரிசை முடிச்சுட்டு எந்திரிக்கிறேன்' என்று மூணு மணி நேரம் அசையாமல் இருக்கிறவர்கள் உண்டு. சுகர் உள்ளவர்களுக்கு அது ஆகாது. 2012-ல் டயாபட்டிஸ் கேர் இதழில் வந்த ஒரு ஆய்வில், உடல் எடை கூடியவர்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி 2 நிமிடம் நடக்கவிட்டார்கள். தொடர்ந்து உட்கார்ந்தே இருந்த நாளைவிட, நடந்த நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைந்தது. ஓடச் சொல்லலை, மெதுவா நடந்ததுக்கே பலன் கிடைத்தது. ஆகவே சில வரிசை முடிந்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்ட்டு வாங்க. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேக நடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அப்படியேதான் இருக்கிறது. கூடை அதுக்குப் பதில் ஆகாது.

"வெளிய நடக்க வெக்கமா இருக்குதுங்க, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

இதை அடிக்கடி கேட்கிறேன். வேடிக்கை என்னவென்றால், தைப்பூசத்துக்கு நாள்கணக்கில் நடந்து வரும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். இதே அம்மாக்கள் வேண்டுதல் என்றால் செருப்பில்லாமல் மலைக்கு நடப்பார்கள். முருகனுக்காக நடக்கலாம், தனக்காக நடக்க வெக்கம்! (சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அது தனிப் பதிவு.)

அடுத்து, குடும்பத்தோடு வெளியே போவது. இதில்தான் எனக்குக் கோபம்.

குதிரையாறு அணைக்கோ அமராவதி அணைக்கோ ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அம்மா விடிகாலை மூணு மணிக்கு எழுந்து புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் பண்ணி, தான் பின்னின கூடையிலேயே அடுக்கிக் கொண்டுவருவார். அங்கே போனதும் எல்லோரும் தண்ணியைப் பார்க்க ஓடுவோம். மரத்தடியில் சாமான்களுக்குக் காவல் யார்? அவர்தான். சாப்பாடு பரிமாறுவது, பாத்திரம் அள்ளுவது, வீட்டுக்கு வந்து கழுவுவது எல்லாமே அவர்தான். இதுக்குப் பேர் சுற்றுலாங்களா? அவருக்கு அது இடம் மாறின அடுப்படி.

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைத் தொட்ட ஆண்களின் கணக்கு மட்டும். தொட்டவர்களே நாலில் ஒருத்தர்தான். ஐந்து மணி நேரம் போக மிச்சத்தில் அவர் திருடி எடுக்கிற அரை மணி நேரம்தான் அந்தக் கூடை.

அந்த அரை மணி நேரத்துக்கும் நாம் விலை வைக்கிறோம். கூடை நன்றாக வந்துவிட்டால் வீட்டில் முதல் பேச்சு, "இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?" பக்கத்து வீட்டில், "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கா, வயர் காசு தந்துடறேன்." தேவைப்படுகிறவர்கள் விற்கட்டும், நல்ல விலைக்கு விற்கட்டும். கூலி கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் விருப்பமில்லாதவரை ஆர்டர் எடுக்க வைத்தால் என்ன நடக்கும்? பத்து நாளில் இருபது கூடை என்று கணக்கு வரும். ராத்திரி கண் முழிப்பு வரும். தேதி தள்ளிப்போனால் திட்டு வரும். ஓய்வுக்கென்று இருந்த ஒன்றும் ஷிப்ட் ஆகிவிடும்.

நூலே ஷிப்டாக இருக்கும் பெண்களும் நம் மாவட்டத்தில் நிறைய. வேடசந்தூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டு நூல் பார்த்துவிட்டு வருகிறவரிடம் போய் 'குரோஷா போடுங்க, மனசு லேசாகும்' என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தேவை தூக்கமும் விடுமுறையும்.

பின்னுகிறவர்களுக்கு இரண்டு விஷயம்.

40 தாண்டியதும் ஊசிமுனை மங்கலாகத் தெரிந்தால் 'கண்ணு போச்சு' என்று பெட்டியை மூடி வைத்துவிடாதீங்க. அது வெள்ளெழுத்து. ஒரு கண்ணாடியில் தீர்ந்துவிடும். அசாமில் 40 வயது தாண்டிய தேயிலை பறிக்கும் தொழிலாளிகளுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாதவர்களைவிட அவர்களின் உற்பத்தி சுமார் 22 விழுக்காடு கூடியது. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. சுகர் இருந்தால் கண்ணாடியோடு நிறுத்தாமல், வருடம் ஒருமுறை விழித்திரையையும் சோதிச்சுக்கங்க.

அடுத்தது கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மதமதப்பு, ராத்திரி எழுந்து கையை உதறினால்தான் சரியாகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகப்படணும். சுகரும் தைராய்டும் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். வயரை இறுக்கி இழுக்கும்போது மோசமாகும். தைலம் தேய்த்துக்கொண்டே மாசக்கணக்கில் ஓட்டாமல் வந்து காட்டுங்க.

கடைசியாகப் படிக்கும் ஆண்களுக்கு. அடுத்த முறை அணைக்குப் போகும்போது சாப்பாட்டை வழியில் ஹோட்டலில் கட்டிக்கங்க. முதல் ஒரு மணி நேரம் சாமானுக்குக் காவலா நீங்க உக்காருங்க. அம்மா பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு தண்ணி வரைக்கும் நடந்துட்டு வரட்டும். அப்புறம் அவங்க நிழல்ல உக்காந்து பாதியில இருக்கிற கூடையை எடுக்கட்டும். வயர் பத்தலைன்னா திரும்பி வரும்போது பழனியில நிறுத்தி வாங்கிக் கொடுங்க. எந்தக் கலர்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, அவங்களையே கேளுங்க.