இரண்டாவது சிலிண்டர் மீது வீண் பழி

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களை நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்றையும் சொல்லிவிடுவார்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதையே மலாயில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால், போன மாதம் ஒரு சனிக்கிழமை என் அண்ணனின் பழைய கார் முன்னால் நின்றபோது, படிவம் 4 படிக்கும் அவர் மகனுக்கும் அது நினைவுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பட்டறைச் செலவை மிச்சப்படுத்தலாமே என்று இருவரும் வேலையில் இறங்கினோம். காற்று வடிகட்டியை மாற்றினோம். நான்கு பிளக்குகளையும் மாற்றினோம். இஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான திராட்டிலைக் கழற்றி, படிந்திருந்த கரியைத் துடைத்தோம். எல்லாம் ஒரே மாலையில். பிறகு சாவியைத் திருப்பினால், வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சீராகும். காலை எடுத்தால் மறுபடியும் நடுக்கம். திங்கட்கிழமை விடியற்காலை அண்ணன் அதில்தான் தொழிற்சாலைக்குப் போக வேண்டும்.

இரவல் வாங்கிய ஸ்கேனர் 'பி0302' என்று காட்டியது. இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். "சித்தப்பா, ரெண்டாவது காயில்தான் போச்சு!" என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது. கடை மூடுவதற்குள் ஓடி 160 ரிங்கிட்டுக்குப் புதுக் காயில் வாங்கி வந்து மாட்டினோம். நடுக்கம் அப்படியே இருந்தது.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. வண்டி நிற்கும்போது இஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் எரியும். அப்படியானால் நிமிடத்திற்கு 375 முறை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 6 முறை. ஒவ்வொரு முறை எரியும்போதும் கிராங்க் தண்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கிறது. இரண்டாவது சிலிண்டர் தள்ள வேண்டிய கணத்தில் தண்டின் வேகம் குறைவதைக் கண்டு, 'இங்கே எரியவில்லை' என்று கணினி குறித்துவைக்கிறது. ஏன் எரியவில்லை என்பது அதற்குத் தெரியாது. தீப்பொறி இல்லாமல் இருக்கலாம், பெட்ரோல் போதாமல் இருக்கலாம், காற்று கூடியிருக்கலாம். எங்கே என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை, ஏன் என்ற கேள்விக்கும் பதிலாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

காசே செலவழிக்காமல் காயிலைச் சோதித்திருக்கலாம். இஞ்சினை நிறுத்தி, இரண்டாவது காயிலை மூன்றாவதன் இடத்தில் மாட்டி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு மூன்றாவதற்கு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் அதை விட்டுவிடலாம். தற்சார்பு மாறி என்று பக்கம் பக்கமாக எழுதினோமே, அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் யோசிக்கத் தொடங்கினோம். மிதித்தால் ஏன் சரியாகிறது? கால் எடுத்திருக்கும்போது திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதற்குப் பின்னால் உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அங்கே சின்ன ஓட்டை இருந்தாலும் காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். அண்ணன் காரில் காற்றை அளக்கும் கருவி வடிகட்டிக்கு அருகில் இருக்கிறது. ஓட்டை வழியே நுழையும் காற்று அதன் கணக்கில் வராது. 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பதுதான் கணக்கு. காற்று மிகவும் கூடினால் கலவை சரியாக எரியாது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கதவு திறந்து நிறையக் காற்று வருவதால், ஓட்டைக் காற்று அதில் ஒரு சிறு பங்காகிவிடுகிறது.

தோட்டத்து ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைக் காதில் வைத்துத் தேடினேன். இரண்டாவது சிலிண்டருக்குப் போகும் காற்றுவழியில் செருகியிருந்த மெல்லிய குழாயின் அடிப்பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது. சூட்டில் விறைத்துப்போன ரப்பர். திராட்டிலைக் கழற்றும்போது நாங்கள்தான் வளைத்து வெடிக்க வைத்திருக்கிறோம். நல்லவேளை, பெல்ட்டிலிருந்தும் விசிறியிலிருந்தும் தள்ளி இருந்தது. விரலால் மூடினேன், நடுக்கம் நின்றது. எடுத்தேன், நடுங்கியது. மறுபடி மூடினேன், நின்றது. (பெரியவர்கள் இல்லாமல் நீங்கள் இதைச் செய்யாதீர்கள். மூடிய கேரேஜில் இஞ்சினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.)

என் வருத்தம் பள்ளி ஆய்வுக்கூடத்தின் மீதுதான். அங்கே பேட்டரியை இணைத்தால் பல்பு எரியும். எரியும் என்று முன்பே தெரியும். எரியாத ஒன்றை யாரும் நம் கையில் கொடுப்பதில்லை. பாடத்திட்டத்தை முடிக்கவே ஆசிரியர்களுக்கு நேரம் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு பாடவேளை போதும். உறைக்குள்ளே அறுந்த கம்பி ஒன்றை மற்ற நல்ல கம்பிகளோடு கலந்து கொடுத்து, 'கண்டுபிடி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று' என்று சொல்லட்டும். அன்று மாணவர்கள் அறிக்கையில் எழுதும் மாறிகள் அவர்களே தேர்ந்தெடுத்தவையாக இருக்கும்.

புதுக் குழாய் 8 ரிங்கிட். பழைய காயிலையே திரும்ப மாட்டி ஓட்டினோம். அதில் ஒரு குறையும் இல்லை. மின் பாகங்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், 160 ரிங்கிட் காயில் பெட்டியோடு என் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வண்டியில் எதைக் கழற்றினாலும் முதலில் கைப்பேசியில் படம் எடுக்கிறான் அண்ணன் மகன்.