துறைமுகங்கள் பேசிக்கொள்ள வேண்டும்

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. பி.டபிள்யூ. மேப்பிள் மான் தீவுக் கொடியுடையது. டான் காஞ்சிபுரம் நம் நாட்டுக் கொடியுடையது. மோதலில் கசிந்து எர்ணாவூர் கரையில் ஒதுங்கிய கெட்டி எண்ணெயை ஆட்கள் வாளிகளால் அள்ளினார்கள். குப்பத்து மீனுக்கு வாங்க ஆளில்லை.

கொடி எந்த நாட்டுடையதானாலும் பாதிப்பு கரைக்குத்தான். அயல்கொடிக் கப்பல்களைச் சோதித்து விவரம் பகிர இந்தியப் பெருங்கடல் நாடுகள் 1998இல் உடன்பாடு கண்டன. அதன் செயலகம் கோவாவில் இருக்கிறது. ஆனாலும் 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் அமிலம் கசிந்த கொள்கலனை இறக்க கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசீரா துறைமுகங்கள் இடம் தரவில்லை. கொழும்பருகே கப்பல் எரிந்து மூழ்கியது.

இடம் மறுக்கும் துறைமுகம் அடுத்த துறைமுகத்தை அன்றே எச்சரிப்பது கட்டாயமாக வேண்டும். இதை இந்தியாவே முன்மொழியட்டும்.