ஆடுபலகையும் ஆடுவோர் சுவையும்

எம் விடுதியின் பொதுக்கூடத்திலே சுவரோரமாக ஓர் அலமாரி உண்டு. அதன் மேற்றட்டிற் சதுரங்கப் பலகைகள் நான்கு இருக்கின்றன. கீழ்த்தட்டில் தாயக்கட்டை, பரமபதப் படம், 'பிஸினஸ்' என்னும் வாணிக ஆட்டம், முன்னாள் மாணவர் ஒருவர் ஜெர்மனியினின்றும் அனுப்பிய 'கட்டான்' ஆகியன உள. இவ்வாண்டின் தொடக்கத்திற் கீழ்த்தட்டு மட்டும் பூட்டப்பட்டது. பகடையுருட்டும் ஆட்டங்கள் அறிவுக்கு உதவாதன, கூச்சலை விளைப்பன என்று காரணங் கூறப்பட்டது. கூச்சலைப் பற்றி யாம் வழக்காட வரவில்லை; அது மெய். அறிவுக்கு உதவாதன என்ற மொழியே எம்மை எழுதத் தூண்டியது.

ஆடுவோர் எல்லாரும் ஒரே இன்பத்தை நாடி அமர்கின்றனர் என்று கொள்வதே இப்பிழைக்கு மூலம். சதுரங்கத்திலே இருவர்க்கும் 16 காய்கள், மறைவாக ஒன்றுமில்லை, தோற்றவன் தன்னையன்றிப் பிறரை நொந்துகொள்ள இடமில்லை. அந்தத் தெளிவே ஒருசாரார்க்கு அமிழ்து. மற்றொருசாரார்க்கு அதுவே கைப்பு. எம்முடன் பயிலும் நண்பர் ஒருவர் சதுரங்கத்தில் ஒருமுறை தோற்றால் இரண்டு நாள் அப்பலகையை ஏறெடுத்தும் பாரார். தாயத்திற் பத்துமுறை வெட்டுண்டாலும் கட்டையை வைதுவிட்டு மறுபடியும் அமர்வார். யாப்பிலக்கணத்தில் அவர் எம்மினும் வல்லர். அவர்க்கு மதியில்லை என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. இன்ன ஆட்டத்தை விரும்புவோன் இத்துணை அறிவினன் என்று அளப்பதினும், எத்தகைய தோல்வியை அவன் பொறுக்கவல்லன் என்று நோக்குவதே பொருந்தும் என்பது எம் கருத்து.

பகடையாட்டம் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுதலும் தவறு. அமெரிக்க நாட்டு எலிசபெத் மேகி என்னும் பெண்மணி, நிலமெல்லாம் சிலர் கைப்படுவதனால் வரும் தீமையை விளக்க எண்ணி ஓர் ஆட்டம் வகுத்து, 1904-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றலாகிய மொனாப்பொலியைப் பார்க்கர் சகோதரர் கம்பெனியார் 1935-இல் வெளியிட்டனர். தீமையைக் காட்டப் பிறந்த ஆட்டம், பிறனை ஓட்டாண்டியாக்குவதே இன்பம் என்று ஆடப்படலாயிற்று! அதில் முதலிற் பொருளிழந்தவன், ஏனையோர் ஆடி முடியுமளவும் வாளா அமர்ந்திருத்தல் வேண்டும். 'பிஸினஸ்' ஆடிய ஒரு ஞாயிறு மாலை யாமும் அவ்வாறு இரண்டு மணி நேரம் விட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்.

கட்டானும் பகடையாட்டமே, ஆயின் அதன் போக்கு வேறு. செயற்கைப் பல் அமைக்கும் தொழிலினராயிருந்த கிளவுஸ் டாய்பர் என்பார் வகுத்த இவ்வாட்டம் 1995-இல் வெளிவந்து, அவ்வாண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்குரிய பரிசையும் பெற்றது. அறுகோண வடிவான 19 நிலத்துண்டுகளைப் பரப்பி, ஒன்றொழிய ஏனையவற்றின்மேல் எண் வைப்பர். இரு பகடைகளின் தொகை எந்த எண்ணோ, அந்த எண்ணுடைய நிலத்தருகே குடியிருப்பு அமைத்தோர் அனைவர்க்கும், உருட்டியவர் யாராயினும், மரமோ செங்கல்லோ கம்பளியோ கோதுமையோ கனிமமோ கிடைக்கும். இரு பகடைகள் விழும் வகை 36. அவற்றுள் 6 என்னும் தொகை 5 வகையால் வரும், 8-உம் அவ்வாறே, 2 ஒரே வகையால் வரும். எங்கே குடியேறுவது என்பதில் மதி வேலை செய்கிறது. எந்த எண் விழும் என்பதிற் பகடை வேலை செய்கிறது. ஒருவர் 10 புள்ளி எய்தி ஆட்டம் முடியும்வரை எவரும் வெளியேற்றப்படுவதில்லை. இதனை அறிவுக்கு உதவாதது என்பார், ஒருமுறை ஆடிப் பார்த்தவராதல் அரிது.

நிற்க. கட்டானையும் அதன் இனத்தையும் சுவையற்ற கணக்கு என்று இகழ்வோரும் உளர். அவர்க்குப் போர் வேண்டும், கதை வேண்டும், திடீர் வீழ்ச்சி வேண்டும். உலகப் படத்தின்மேற் படை நடத்தும் 'ரிஸ்க்' போன்றவற்றை அவர் விரும்புவர். அவ்வகையை அமெரிக்கப் பாணி என்பது வழக்கு; ரிஸ்க்கை வகுத்த ஆல்பேர் லமோரீஸ் பிரெஞ்சுக்காரர் என்பது வேறு செய்தி. ஒற்றைப் படை நின்று பெரும்படையைத் தடுத்த கதையை ஆண்டு கழிந்தும் பேசுவர். ஆட்டுக் கம்பளி கொடுத்துச் செங்கல் வாங்கிய கதையை யார் பேசுவார் என்று அவர் வினவுகின்றனர். வினாவில் நியாயம் உண்டு. நம் ஆடுபுலியாட்டத்திற் பகடையே இல்லை. எனினும் 3 புலிகளும் 15 ஆடுகளுமாக இரு திறத்தாரும் ஒவ்வாப் படையுடையர். சரிநிகர்ப் படையை விரும்பும் சதுரங்க அன்பர்க்கு அதுவும் சுவைப்பதில்லை.

பகடை என்றாலே சூது என்று அஞ்சும் பெரியோர்க்கு ஒரு சொல். பாண்டவரைக் கெடுத்தது கட்டையன்று, பணயம். வள்ளுவர் சூததிகாரத்திற் கடிந்ததும் பொருளை வைத்தாடுவதையே. எம் விடுதியிற் பணயம் வைத்தாடியவர் இலர். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டமையை விவிலியமும் மறைக்கவில்லை.

எமக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. சென்ற ஆண்டு, சிற்றூரிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் ஒரு மாதம் எவரோடும் பேசாதிருந்தார். சதுரங்க மேசையை எட்டி நின்று பார்ப்பார், அமரார். ஒருநாள் தாயம் ஆடுவோர்க்கு ஓராள் குறைய, அழைக்காமலே வந்து தரையில் அமர்ந்தார். அன்றிரவு எல்லாருடைய காயையும் வெட்டினார். அதன்பின் அவர் வாய் ஓயவில்லை. இவ்வாண்டு வந்தவருள் அத்தகையோர் மாலையில் அறைக்குட் புகுந்து கைப்பேசியோடு கிடக்கின்றனர். கூச்சலுக்கு அஞ்சின், மாலை 5 மணி முதல் 7 மணி வரை மட்டும் கீழ்த்தட்டைத் திறக்கலாம். சதுரங்கத்தார்க்குப் படிப்பறையை அடுத்த மூலையை ஒதுக்கலாம். இதனை எழுத்திலும் கொடுத்துள்ளோம், விடை வரவில்லை.

அதுவரை, புளியங்கொட்டைகளை ஒருபுறம் தேய்த்து வெள்ளையாக்கி, பின்வராந்தாவிற் கரிக்கட்டியாற் கட்டம் வரைந்து ஆடிவருகின்றோம். சென்ற வெள்ளியன்று சதுரங்கத்தில் வல்ல மூத்த மாணவர் ஒருவரும் அங்கு வந்தமர்ந்தார். ஏழரை மணிவரை அவர்க்குத் தாயம் விழவில்லை; எழுந்து போகவுமில்லை.